ஹனுனோ எழுத்தும் ஒற்றெழுத்துச் சிக்கலும்

மணிலா நகருக்குத் தெற்கே, இடைப்பட்ட கடலைக் கடந்தால், மின்டோரோ என்னும் தீவு உள்ளது. பிலிப்பைன்சு நாட்டுத் தீவுகளுள் பரப்பால் ஏழாவது இடம் பெறுவது இது. இதன் கடற்கரைச் சமவெளிகளில் தகலாகு முதலிய மொழி பேசும் கிறித்தவர் வாழ்கின்றனர். உள்நாட்டு மலைகளில் வாழும் பழங்குடியினர் அனைவரும் மங்யன் என்னும் பொதுப்பெயரால் வழங்கப்பெறுவர். அவர்களுள் எட்டுப் பிரிவினர் உளர் என்பது வழக்கமான கணக்கு. எட்டுப் பிரிவினருள்ளும் தென்பகுதியில் வாழும் இரு பிரிவினரே, ஹனுனோ மக்களும் புஹிட் மக்களும், தமக்கென எழுத்து உடையவர். மன்சலாய், புலலகாவ் ஆகிய ஊர்களை ஒட்டிய மலைச்சாரல்களில் வாழும் ஹனுனோ மக்களின் எழுத்தே ஈண்டு ஆராயப்பெறுகின்றது. 'ஹனுனோ' என்னும் சொல்லுக்கு 'மெய்யான' என்பது பொருள். தம்மை மெய்யான மங்யன் என அவர்கள் கூறிக்கொள்கின்றனர்.

இவ்வெழுத்தைப் பற்றித் தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு மொழியின் சொற்களில் மெய்யெழுத்து ஒலி இறுதியில் நின்றும், எழுத்தில் அதனைக் காட்டாது விடுத்தால் என்ன நேரும் என்னும் வினாவிற்கு இம்மக்களின் வழக்கு விடை தருகின்றது. புள்ளியின் வரலாற்றை ஆராயும் தமிழாசிரியர்க்கு இதனினும் தெளிவான உயிருள்ள சான்று கிடைத்தல் அரிது.

முதலில் எழுதும் முறையைக் காண்போம். ஹனுனோ மக்களின் எழுதுபொருள் மூங்கில். எழுதுகருவி கத்தியின் கூர்நுனி. மூங்கிற் பிளவை எழுதுபவர் தம் உடலிலிருந்து விலகி நீளுமாறு பிடித்துக்கொண்டு, தம்மருகில் உள்ள முனையில் தொடங்கி அப்பால் உள்ள முனை நோக்கிச் செதுக்கிச் செல்வர். ஒரு வரி முடிந்தபின் அதற்கு வலப்புறத்தில் அடுத்த வரி தொடங்கும். ஆகவே இவ்வெழுத்துக் கீழிருந்து மேலாக எழுதப்படுவது என்று நூல்கள் கூறும். உலகில் வேறெங்கும் அரிதாகக் காணப்படும் விந்தை என்று இதனை வியப்போரும் உளர். ஆயின் எழுதிய மூங்கிலை வலப்புறமாக ஒரு கால்வட்டம் திருப்பிப் பிடித்தால், வரிகள் இடமிருந்து வலமாகவும், ஒன்றன்கீழ் ஒன்றாகவும் அமைந்துவிடுகின்றன. எழுத்துக்களும் நிமிர்ந்து நிற்கின்றன. எழுதும் நிலை வேறு, படிக்கும் நிலை வேறு, அவ்வளவே. கத்தியைக் கையில் பிடித்திருப்பவன் தன் உடலை நோக்கி இழுப்பதினும் அப்பால் தள்ளிச் செதுக்குவதே இயல்பு என்பதை எண்ணினால் வியப்பு நீங்கிவிடும்.

எழுதுபொருள் எழுத்தின் வடிவத்தை ஆளுகின்றது என்பதற்கும் இஃது எடுத்துக்காட்டாகும். பனையோலையில் நீண்ட நேர்கோடு இழுத்தால் ஓலை நரம்போடு கிழியும். ஆதலின் ஓலையில் வளர்ந்த எழுத்துக்கள் வளைந்து உருண்டன. மூங்கிலின் புறத்தோல் வன்மையானது. அதில் கத்தி நுனியால் வளைவுகளைச் செதுக்குதல் கடினம். குறுகிய நேர்கோடுகளை வெட்டுதல் எளிது. ஹனுனோ எழுத்துக்கள் பெரும்பாலும் சாய்ந்த சிறுகோடுகளும் அவை கூடும் கோணங்களுமாக இருப்பதன் காரணம் இதுவே.

மூங்கில் நெடுங்காலம் நிற்கும் பொருள் அன்று. ஈரமும் பூச்சியும் அதனை அழித்துவிடும். எனவே இவ்வெழுத்தின் மிகப் பழைய சான்றுகள் நமக்குக் கிடைத்தில. கிடைப்பன பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் திரட்டியவையே. இவ்வெழுத்து இறவாமல் இருப்பது எழுதப்பட்ட பொருளின் உறுதியால் அன்று. ஒவ்வொரு தலைமுறையும் அதனைப் புதிதாகக் கற்றுக்கொள்வதனால் ஆகும்.

எவ்வாறு கற்கின்றனர் என்பது சுவையான செய்தி. அமெரிக்க மானிடவியல் அறிஞர் ஹரால்டு காங்க்ளின் 1947 முதல் ஹனுனோ மக்களிடையே சென்று தங்கி ஆராய்ந்தவர். மூங்கிலில் வளர்ந்த இக்கல்வியைப் பற்றி 1949இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1953இல் ஹனுனோ மொழிச் சொற்றொகுதி ஒன்றைப் பதிப்பித்தார். எழுத்தைக் கற்பிக்க இவர்களுக்குப் பள்ளி இருந்ததில்லை, ஆசிரியர் இருந்ததில்லை, நெடுங்கணக்கு என்று சொல்லத்தக்க எழுத்து வரிசையும் இல்லை. பருவம் எய்தும் இளைஞரும் மகளிரும் தம் உறவினரிடமோ தோழரிடமோ கேட்டுக் கற்றுக்கொள்வர். முதலில் தம் பெயரை எழுதப் பழகுவர். பின்னர்த் தெரிந்த பாடல்களை எழுதிப் பார்ப்பர். கற்பதற்குரிய முதன்மையான தூண்டுதல் காதல். காதற்பாடல்களை எத்துணை மிகுதியாக நினைவில் கொள்கின்றனரோ அத்துணைச் சிறப்பு. நினைவிற் கொள்ள எழுத்துத் துணைசெய்யும். மடல்கள் எழுதவும் பிற செய்திகள் அறிவிக்கவும் எழுத்துப் பயன்பட்டது உண்மையே. ஆயினும் அரசனது ஆணைக்கோ, கோயிற் கணக்கிற்கோ, சமய நூலுக்கோ உரியதாக இவ்வெழுத்து என்றும் இருந்ததில்லை. அரசும் சமயமும் மாறியபோது தீவுகளின் பிற பகுதிகளில் எழுத்தும் மறைந்தது. காதலுக்கு உரியதாக இருந்தமையின் இங்கு அது மறையவில்லை என்று கருத இடம் உண்டு.

இடையில் ஒன்று கூறுதல் வேண்டும். காங்க்ளின் புகழ் பெற்றது எழுத்தாராய்ச்சியால் அன்று. 1955இல் அவர் வெளியிட்ட வண்ணச்சொற்கள் பற்றிய சிறு கட்டுரையால் ஆகும். கருமை, வெண்மை, செம்மை, பசுமை என நான்கு பெரும் பகுப்புக்களே ஹனுனோ மொழியில் உள. அவற்றுள் 'மலதுய்' என்னும் பசுமைச் சொல் நிறத்தை மட்டும் குறிப்பதன்று. ஈரத்தையும் இளமையையும் குறிப்பது. புதிதாக வெட்டிய மூங்கிலின் ஈரமான பகுதி பழுப்பு நிறமாக இருப்பினும் அதனை மலதுய் என்றே கூறுவர். 'பச்சை' என்னும் நம் சொல் பச்சை மண், பச்சைக் குழந்தை, பச்சைப் புண் என வழங்குவதை அறிந்த தமிழர்க்கு இதில் வியப்பில்லை.

இனி எழுத்தமைப்பைக் காண்போம். அ, இ, உ என உயிரெழுத்துக்கள் மூன்று. எகர ஒலியை இகரமும், ஒகர ஒலியை உகரமும் குறிக்கும். குறில் நெடில் வேறுபாடு எழுத்தில் இல்லை. அடிப்படை எழுத்துக்கள் பதினைந்து. ஒவ்வொன்றும் அகரம் ஏறிய மெய்யாகவே வழங்கும். அதனோடு ஒரு சிறு கோட்டை ஒரு பக்கத்தில் இட்டால் இகர உயிர்மெய். மறுபக்கத்தில் இட்டால் உகர உயிர்மெய். ஆகப் பதினைந்து மெய்களுக்கு நாற்பத்தைந்து உயிர்மெய் வடிவங்கள். உயிர் மூன்றையும் கூட்ட 48. சில எழுத்துக்களில் இக்குறிகள் தனியே நில்லாது எழுத்தோடு ஒட்டி வடிவத்தை மாற்றிவிடும். நம் எழுத்தில் கு, டு, மு, து என உகர உயிர்மெய்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையாக நிற்பது போன்றதே இதுவும்.

இவ்வமைப்பில் ஒற்றுக்கு இடமே இல்லை. அகரத்தை நீக்கித் தனிமெய்யைக் காட்டும் குறி எதுவும் பழைய வழக்கில் இல்லை. ஆனால் ஹனுனோ மொழியோ ஒற்று நிரம்பிய மொழி. சொல்லின் இறுதியிலும் இடையிலும் ஒற்றுக்கள் மிகுதியாக வருகின்றன. அவற்றை என் செய்வது? எழுதாது விடுவதே வழக்கம். 'மங்யன்' என்னும் சொல்லை எழுதுபவர் ம, ய என்னும் இரண்டு எழுத்துக்களையே செதுக்குவர். இடையில் உள்ள ஙகர ஒற்றும் இறுதியில் உள்ள னகர ஒற்றும் படிப்பவர் வாயில் தோன்றுவன, மூங்கிலில் தோன்றா. 'அம்பஹான்' என்னும் சொல் அ, ப, ஹ என மூன்றெழுத்தாகும். இவ்வெழுத்தை முதன்முதலாகக் காணும் வெளிநாட்டார், இதனைக் குறையுடைய எழுத்து என்று கூறுதல் இயல்பு. அவ்வாறு கூறியோர் பலர்.

தமிழ் படித்தவர் அவ்வளவு விரைந்து தீர்ப்புக் கூறுதல் இயலாது. மெய்யின் இயற்கை புள்ளியொடு நிற்றல் எனத் தொல்காப்பியம் விதித்தது. ஆயினும் பழைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக்களில் புள்ளி தொடக்கத்தில் இல்லை, பின்னரே தோன்றுகின்றது. தோன்றிய பின்னரும் வட்டெழுத்திலும் தமிழ்க் கல்வெட்டுக்களிலும் புள்ளி இன்றியே எழுதிச் சென்றனர். ஓலைச் சுவடிகளோ அண்மைக் காலம் வரை புள்ளி இல்லாதனவே. குறிற்கொம்பும் நெடிற்கொம்பும் வேறுபாடின்றி, காலும் ரகரமும் ஒன்றாக, ஒற்றுக்குப் புள்ளியும் இன்றி எழுதப்பெற்ற சுவடியை, மொழியையும் யாப்பையும் அறிந்தவர் தடையின்றிப் படித்தனர். அறியாதவரே தடுமாறினர். எழுத்து என்பது சொல்லை நினைவூட்டுவது என்று கொண்டால், ஒற்றில்லா எழுத்தும் தன் கடமையைச் செய்யும். சொல்லை அறியாதவனுக்குச் சொல்லித் தருவது என்று கொண்டால் செய்யாது. ஹனுனோ மக்கள் எழுத்தைக் கொண்ட முறை முதலாவது முறையே ஆகும்.

இவ்வெழுத்து எங்கிருந்து வந்தது என்பது அடுத்து எழும் வினா. பிலிப்பைன்சுத் தீவுகளில் ஒரு காலத்தில் வழங்கிய எழுத்துக்கள் பல. தகலாகு மக்களின் பைபாயின் எழுத்து வழக்கிழந்து பின்னர்ப் புத்துயிர் பெறுவது. பலாவன் தீவின் தக்பன்வா எழுத்தும், மின்டோரோவின் புஹிட், ஹனுனோ எழுத்துக்களும் மலைவாழ் மக்களிடையே நிலைத்தவை. இவை நான்கும் ஒரு குடும்பம் என்பதிலும், அக்குடும்பத்தின் வேர் இந்தியப் பிராமி எழுத்து என்பதிலும் ஐயம் இல்லை. அகரம் ஏறிய மெய்யை அடிப்படையாகக் கொண்டு பிற உயிர்களைக் குறியால் காட்டும் நெறி ஒன்றே போதிய சான்று.

தென்கிழக்கு ஆசியாவின் பழைய எழுத்துக்கள் பல பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்திலிருந்து தோன்றியவை என்பது அறிஞர் முடிபு. போர்னியோவின் கிழக்குக் கரையில் கூத்தை என்னுமிடத்து மூலவர்மன் நாட்டிய வேள்வித்தூண் எழுத்துக்களும், பின்னர்ச் சாவகத்தில் வளர்ந்த காவி எழுத்தும் இவ்வழியின. இவ்விடத்தில் நம்மவர் சிலர், 'ஆகவே பிலிப்பைன்சு எழுத்துத் தமிழெழுத்தே' என்று முடிவு கட்டிவிடுகின்றனர். இம்முடிவு பொருந்தாது. பல்லவ கிரந்தம் தமிழகத்தில் வழங்கிய எழுத்தே ஆயினும் வடமொழியை எழுதுதற்கு அமைந்தது. அது கடல்கடந்து பல நாடுகளிற் பல நூற்றாண்டு உருமாறிய பின்னரே இத்தீவுகளை எட்டியிருத்தல் கூடும். பாட்டன் மனைக்கு உரிய பெயரைப் பேரன் பேரனுக்குச் சூட்டி உரிமை கொண்டாடுதல் ஆராய்ச்சியாகாது. இடைநின்ற தலைமுறைகள் எவை என்று காண்பதே ஆராய்ச்சி.

அங்கேதான் ஒற்றுச் சிக்கல் மீண்டும் வருகின்றது. மணிலாவை அடுத்த லகூனா மாநிலத்தில் 1980களின் இறுதியில் ஒரு செப்பேடு கிடைத்தது. சகம் 822, அதாவது கி.பி. 900 என்னும் ஆண்டுக் குறிப்பு அதில் உள்ளது. எழுத்துக் காவி, மொழி பழைய மலாய், வடமொழிச் சொற்கள் மிகக் கலந்தது. காவி எழுத்தில் தனிமெய்யைக் காட்டும் குறி உண்டு. பிலிப்பைன்சு எழுத்துக்கள் காவியிலிருந்து நேரே இறங்கியவை ஆயின், அக்குறி எவ்வாறு மறைந்தது? சுமாத்திராவின் பத்தாக்கு, ரெசாங் எழுத்துக்களிலும் அக்குறி உண்டு. செலிபீசு எனப் பழம்பெயர் கொண்ட சுலவேசித் தீவின் பூகி, மக்காசர் எழுத்துக்களில் மட்டும் அது இல்லை. அங்கும் ஒற்றை எழுதாது விடுவதே மரபு. எனவே, பிலிப்பைன்சு மக்கள் சுலவேசி எழுத்தையோ அதன் முன்னோரையோ பெற்றிருத்தல் வேண்டும் என்று ஒரு சாரார் கருதுகின்றனர். குசராத்து எழுத்திலிருந்து இவை தோன்றின என்பாரும் உளர். எழுத்து வடிவங்களின் ஒப்புமையை மட்டும் கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க இயலாது என்பது என் கருத்து. மூன்று கோட்டால் ஆகிய வடிவங்கள் எங்கும் ஒத்திருக்கும். அமைப்பின் ஒப்புமை, குறிப்பாக இருப்பதன் ஒப்புமையினும் இல்லாததன் ஒப்புமை, வலிமையுடையது. ஆதலின் சுலவேசி வழியே மிகுதியும் ஏற்புடைத்தாகத் தோன்றுகின்றது.

இசுபானியர் வருகைக்குப் பின் நடந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். 1593இல் மணிலாவில் 'தாக்டிரினா கிறிஸ்தியானா' என்னும் மறைவினா நூல் மரப்பலகைச் செதுக்கால் அச்சிடப்பெற்றது. இசுபானிய மொழியோடு தகலாகு மொழியும் உரோமன் எழுத்திலும் பைபாயின் எழுத்திலுமாக அதில் இடம்பெற்றது. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 1578இல், கொல்லத்தில் அண்டிரிக்கு அடிகளார் தமிழெழுத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' இதே வகை நூல் என்பது நினைவுகூரத் தக்கது. கீழை நாடுகள் இரண்டிலும் நாட்டெழுத்து அச்சேறியது சமயம் பரப்பும் முயற்சியாலேயே. 1604இல் உரோமாபுரியில் தம் நூலை வெளியிட்ட பெட்ரோ சிரினோ என்னும் இயேசு சபைத் துறவி, தீவுமக்களுள் ஆடவரும் மகளிரும் எழுத்தறிந்தவர் என வியந்து எழுதினார்.

ஆயினும் பாதிரிமார்க்கு ஒற்றில்லா எழுத்து இடராக இருந்தது. தாம் அறியாத மொழியின் சொற்களை ஒற்றின்றிப் படித்தல் அவர்களால் இயலவில்லை. 1620 வாக்கில் பிரான்சிசுகோ லோபெசு என்னும் துறவி, இலோகானோ மொழியில் மறைநூல் வெளியிடும்போது, எழுத்தின் கீழே சிறு சிலுவைக்குறி இட்டு ஒற்றைக் காட்டும் முறையைப் புகுத்தினார். தீவுமக்கள் அதனை ஏற்கவில்லை. தங்களுக்கு அஃது இன்றியே படிக்க வருகிறது என்பதே காரணம். பின்னர் வந்த தலைமுறைகளில் உரோமன் எழுத்தே எங்கும் பரவிப் பைபாயின் வழக்கொழிந்தது. மலைமேல் இருந்த மங்யன் மக்களிடம் இக்குறி எட்டவே இல்லை.

முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அவர்களிடம் வேறொரு குறி வந்தது. அதனைத் தந்தவரும் ஐரோப்பியத் துறவியே. ஆலந்து நாட்டினராகிய அந்தோன் போசுட்மா 1950களின் இறுதியில் மின்டோரோவுக்கு வந்து, மன்சலாயை அடுத்த மலைப்பகுதியில் ஹனுனோ மக்களோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர். ஆயிரக்கணக்கான அம்பஹான் பாடல்களைத் திரட்டியவர். அவற்றுட் சிலவற்றை மொழிபெயர்ப்புடன் 1972இல் நூலாக்கினார். முன்னர்க் கூறிய லகூனாச் செப்பேட்டைப் படித்து விளக்கியவரும் அவரே. காங்க்ளினும் அவரும் ஒரே ஆண்டில், 2016இல், மறைந்தனர். போசுட்மா வகுத்த ஒற்றுக்குறியின் பெயர் பமுட்பொட். எழுத்தை ஒட்டி இடப்படும் சிறு கோடு அது. அகரத்தை நீக்கித் தனிமெய்யைக் காட்டுவது. 'பமுட்பொட்' என்னும் சொல்லையே பழைய முறையில் எழுதினால் ப, மு, பு என்று மட்டும் நிற்கும் என்பது ஒரு வேடிக்கை.

வெளிநாட்டுத் துறவி ஒருவர் எழுத்தைத் திருத்தலாமா என்று கேட்போர் உளர். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டைக் காட்டும் வரிவடிவ மாற்றத்தை வீரமாமுனிவர் செய்ததாகவே நாம் போற்றி வருகின்றோம். அதனால் தமிழெழுத்து அயலெழுத்தாகிவிடவில்லை. யார் செய்தார் என்பதன்று வினா. மக்கள் ஏற்றனரா, எதற்காக ஏற்றனர் என்பதே வினா. லோபெசின் சிலுவைக்குறி எழுத்தை அறியாத பாதிரிமார்க்காகச் செய்யப்பெற்றது. போசுட்மா வகுத்த குறி, உரோமன் எழுத்துப் பள்ளிக்குச் சென்று திரும்பும் மங்யன் இளைஞர் தம் எழுத்தைப் படிக்கும்போது எய்தும் ஐயத்தை நீக்கவல்லது. இவ்வேறுபாடு சிறிதன்று. ஆயினும் பழைய முறையில் ஒற்றின்றி எழுதும் வழக்கும் அதனால் மறைந்துவிடவில்லை.

எழுத்து கணினிக்குள் புகுந்த வரலாறு இதனைத் தொடர்கின்றது. பிலிப்பைன்சு எழுத்துக்கள் நான்கையும் அனைத்துலக எழுத்துக் குறியீட்டில் சேர்க்கும் முன்மொழிவை மைக்கேல் எவர்சன் 1998இல் அளித்தார். 2002இல் வெளிவந்த ஒருங்குறி 3.2ஆம் பதிப்பில் தகலாகு, ஹனுனோ, புஹிட், தக்பன்வா எழுத்துக்கள் நான்கும் தனித்தனிப் பகுதிகளாக இடம்பெற்றன. ஹனுனோவுக்கு ஒதுக்கிய இடங்கள் 32. அவற்றுள் நிரம்பியவை 23. உயிர் மூன்று, அகர உயிர்மெய் பதினைந்து, இகர உகரக் குறிகள் இரண்டு, பமுட்பொட் ஒன்று, நிறுத்தக்குறிகள் இரண்டு. இந்நிறுத்தக்குறிகள் ஹனுனோப் பகுதியில் வைக்கப்பெற்றனவாயினும் நான்கு எழுத்துக்களுக்கும் பொதுவாவன.

தமிழ் எழுத்துக்கள் ஒருங்குறியில் அமைந்த முறையைப் பற்றி நம்மிடையே ஒரு குறை நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகின்றது. தமிழிலக்கணப்படி மெய்யே அடிப்படை; அதன்மேல் உயிர் ஏறி உயிர்மெய் ஆகும். ஒருங்குறியோ அகர உயிர்மெய்யை அடிப்படையாகக் கொண்டு, புள்ளியால் அகரத்தை நீக்கி மெய்யைப் பெறுகின்றது. பொதுவான இந்திய எழுத்து அமைப்பைத் தமிழ்மீது ஏற்றியதன் விளைவு இது. ஹனுனோவுக்கோ அவ்வமைப்பு அளந்து தைத்த சட்டையாகப் பொருந்தியது. அவர்கள் வழக்கில் அகர உயிர்மெய்யே மெய்யாக அடிப்படை. தனிமெய் என ஒன்று நெடுங்காலம் எழுத்தில் இருந்ததே இல்லை. ஒரே நெறி ஒரு மொழிக்கு வலிந்து பொருத்தமாகவும் மற்றொன்றுக்கு இயல்பான பொருத்தமாகவும் அமைந்துள்ளது.

ஆயினும் பொருந்தாத ஒன்றும் உண்டு. குறியீட்டு அட்டவணையில் எழுத்துக்கள் க, க-வின் மெலிந்த ஒலி, ங என இந்திய நெடுங்கணக்கு முறையில் வரிசைப்படுத்தப்பட்டன. ஏதேனும் ஒரு வரிசை வேண்டும் என்பது உண்மை. ஆயின் வரிசையே இன்றித் தன் பெயரிலிருந்து எழுத்தைக் கற்கத் தொடங்கிய ஒரு மக்களுக்கு, அவர்கள் முன்னோர் மறந்துபோன நெடுங்கணக்கைக் கணினி மீட்டுக் கொணர்ந்தது. இது நன்றா தீதா என்று கூறவரவில்லை. நிகழ்ந்தது இது.

எழுத்துருக்களைப் பற்றியும் சில கூறல் வேண்டும். குறியீடு என்பது எண் மட்டுமே. அவ்வெண்ணுக்குக் கண்ணால் காணத்தக்க வடிவம் தருவது எழுத்துரு. கூகுள் நிறுவனத்தின் நோட்டோ வரிசையில் ஹனுனோவுக்கும் ஓர் எழுத்துரு உள்ளமையால், இன்று எக்கணினியிலும் இவ்வெழுத்தைக் காணக்கூடும். எழுத்துரு செய்வோர்க்கு முதல் இடர், முன்னர்க் கூறிய ஒட்டு வடிவங்கள். இகர உகரக் குறிகளை எல்லா எழுத்துக்கும் ஒரே வகையாக ஏற்றிவிடுதல் கூடாது; சில இணைகளுக்குத் தனி வடிவம் அமைத்தல் வேண்டும். தமிழ் எழுத்துருச் செய்தோர் உகர வரிசையில் பட்ட பாட்டை அறிந்தவர்க்கு இது புதிதன்று. இரண்டாவது இடர் பெரிது. மூங்கிலில் ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு வகை. இடக்கை வழக்கமுடையோர் எழுத்துக்களைக் கண்ணாடியிற் கண்டாற்போலத் திருப்பி எழுதுதலும் உண்டு. அதனையும் பிறர் இடரின்றிப் படிப்பர். எழுத்துருவோ ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வடிவத்தைத் தேர்ந்து நிறுத்திவிடும். அச்சு வந்தபோது தமிழெழுத்துக்கு நேர்ந்ததும் இதுவே. சுவடியில் பல கைகளால் பலவாறு நின்ற எழுத்து, ஈயத்தில் வார்த்தபின் ஒன்றாயிற்று. நமக்கு அது முந்நூறு ஆண்டுகளில் சிறிது சிறிதாக நிகழ்ந்தது. அவர்களுக்குச் சில ஆண்டுகளில் நிகழ்கின்றது.

கீழிருந்து மேலாக எழுதுவதைக் கணினி காட்டவில்லை என்று சிலர் கூறும் குறையை மட்டும் நான் ஏற்கவில்லை. கிடைவரியாக நிற்பது மூங்கிலைத் திருப்பிய நிலையே அன்றி வேறன்று.

2021இல் வெளிவந்த ஒருங்குறி 14ஆம் பதிப்பில் ஒரு புதுமை காணப்படுகின்றது. தகலாகு எழுத்தின் பகுதியிலும் பமுட்பொட் குறி சேர்க்கப்பட்டது. பைபாயினை இன்று மீண்டும் எழுத விரும்புவோர், லோபெசின் சிலுவைக்குறியை ஒதுக்கி, மங்யன் எழுத்துக்கென வகுத்த குறியைக் கடன் வாங்கத் தொடங்கியதன் பயன் இது. மலைமக்களைப் பின்தங்கியவர் எனக் கருதி வந்த சமவெளி, தான் இழந்த எழுத்தை மீட்க அவர்கள் எழுத்தின் குறியைப் பெற்றது. இம்மலைமக்களின் எழுத்துக்களைப் பிலிப்பைன்சு தேசிய அருங்காட்சியகம் 1997இல் தேசியப் பண்பாட்டுச் செல்வம் என அறிவித்ததும், 1999இல் யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இவை சேர்ந்ததும் இங்குக் கருதத்தக்கன.

இனி இக்கட்டுரையின் தலையாய பொருளுக்கு வருவோம். பமுட்பொட் வந்தமையால் ஹனுனோ எழுத்து நிறைவு பெற்றது என்று கூறுதல் எளிது. ஆயின் அம்பஹான் பாடலை வைத்துப் பார்த்தால் அவ்வாறு கூற இயலவில்லை.

அம்பஹான் என்பது ஹனுனோ மக்களின் பாட்டு வகை. இசைக்கருவி இன்றி ஓதப்படுவது. அன்றாடப் பேச்சில் வழங்காத பழஞ்சொற்கள் மிகுந்தது. காதலர் உரைப்பதும், பெற்றோர் மக்கட்கு அறிவுரைப்பதும், விருந்தினர் வழிகேட்பதும், பிரிவோர் விடைபெறுவதும் அம்பஹானால் இயலும். கருத்தை நேரே கூறாது பறவை, மரம், ஆறு, மலை ஆகியவற்றின்மேல் ஏற்றிக் கூறுதல் அதன் இயல்பு. உள்ளுறை கற்ற நம் மாணவர் இதனை எளிதிற் சுவைப்பர். வெற்றிலைக்குரிய சுண்ணாம்பு வைக்கும் மூங்கிற் குழல்மேல் இப்பாடல்களைச் செதுக்கி வைத்தலும் உண்டு. இக்கலையில் வல்லவராகிய மன்சலாய் மலையினர் கினாவ் பிலோக்கு என்பார்க்கு 1993இல் பிலிப்பைன்சு அரசு நாட்டின் மரபுக்கலைஞர்க்குரிய உயர்விருதை முதன்முறையாக வழங்கியபோது அதனைப் பெற்ற மூவருள் ஒருவர் ஆகும் பேறு கிட்டியது.

அம்பஹானின் யாப்பு எளியது. ஓர் அடிக்கு ஏழு அசை. அசை என ஈண்டுக் கூறுவது நம் நேரசை நிரையசை அன்று. ஓர் உயிரொலியும் அதனைச் சார்ந்த மெய்யொலிகளும் கூடியது. அடிதோறும் இறுதியில் இயைபு அமையும். இப்போது எழுத்தை நோக்குக. பழைய முறையில் ஓர் அசைக்கு ஓர் எழுத்து. ஒற்று எழுதப்படுவதில்லை. ஆகவே ஏழசை கொண்ட ஓரடி மூங்கிலில் ஏழெழுத்தாகவே நிற்கும். எழுத்தை எண்ணினால் யாப்பை எண்ணியதாகும். எழுத்தும் யாப்பும் ஒன்றோடொன்று இவ்வளவு இறுகப் பொருந்திய வேறொரு மரபைக் காண்டல் அரிது.

நம் யாப்பிலும் இதற்கு நிகரான ஒன்று உண்டு. கட்டளைக் கலித்துறைக்கு எழுத்தெண்ணும்போது, நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறும் நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழும் எனக் கொள்வர். ஒற்றெழுத்துக்களை நீக்கியே எண்ணுவர். அந்நீக்கத்தைப் புலவர் மனத்தால் செய்தல் வேண்டும். புள்ளி பெற்ற எழுத்தைக் கண் காணும், கணக்கு விட்டுவிடும். ஹனுனோ எழுத்தில் அந்நீக்கத்தை எழுத்தே செய்து தருகின்றது. குறை எனப்பட்டது யாப்பின் நோக்கில் ஓர் அளவுகோலாகின்றது. அன்றியும், இயைபு உள்ள பாட்டில் ஓரடியின் இறுதி ஒற்று எது என்று அறிந்துகொண்டால், எழுதாது விடப்பட்ட ஏனை அடிகளின் இறுதி ஒற்றும் தானே விளங்கும் எனலாம். எழுத்து விட்டதை யாப்பு நிரப்புகின்றது.

பமுட்பொட் இட்டு அம்பஹானை எழுதும்போது இப்பொருத்தம் குலைகின்றது. ஏழெழுத்து அடி ஒன்பதாகவும் பத்தாகவும் நீள்கின்றது. ஒற்றெழுத்துக்கள் முழு வடிவத்தோடு நின்று குறி மட்டும் பெறுதலின், கண்ணுக்கு அவையும் எழுத்தாகவே தோன்றும். கற்போர்க்குச் சொல் விளங்கும், அடி விளங்காது. ஆதலின் இருவகைப் பதிப்பும் வேண்டும் என்பது என் துணிபு. பள்ளிப் பாடநூலிலும் மடல்களிலும் செய்தி எழுதுவதிலும் பமுட்பொட் இருத்தல் நன்று. மூங்கிலிலிருந்து பெயர்த்து அச்சிடும் அம்பஹானை மட்டும் மூங்கிலில் உள்ளவாறே, ஒற்றின்றி, அடிக்கு ஏழெழுத்தாகப் பதிப்பித்து, ஒற்றுக்களை உரோமன் எழுத்துப் படியில் காட்டுதல் தகும். ஒருங்குறியில் பமுட்பொட் தனிக்குறியாகவே உள்ளமையின் அதனை இடுதலும் விடுதலும் பதிப்பாசிரியர் கையில் உள்ளன. ஒரே எழுத்துருவில் இரண்டும் இயலும். ஓலைச் சுவடியைப் பதிப்பித்த நம் முன்னோர் புள்ளியிட்டு அச்சிட்டபோது, சுவடியின் தோற்றத்தைக் காட்டும் வேறு வழி அவர்கட்கு இல்லை. அம்பஹானைப் பதிப்பிப்போர்க்கு அவ்வழி உண்டு.